எங்கள் ஊர் நிலம் ஆடுமா? கரவெட்டியிலிருந்து ஒரு நாள், எழுபத்தெட்டுக் கிலோமீற்றர்

என் தங்கை வதனி கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பயணம். வழக்கமாக இந்த வலைப்பூவில் தீவுகளுக்குப் படகு எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும் என்றுதான் எழுதுவேன். இந்த முறை, எங்கள் ஊரில் நிலநடுக்கம் வருமா என்று விசாரித்துக்கொண்டு குடாநாட்டைச் சுற்றியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். முதலில் நானே சிரித்தேன்.

வதனி கலியாணம் கட்டி நியூசிலாந்துக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. அங்கே ஒரு மத்தியானம் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அவள் பல்பொருள் அங்காடி ஒன்றில் கைக்குழந்தையோடு நின்றாள். தட்டுகள் சரிந்து, கூரையின் ஒரு துண்டு பக்கத்தில் விழுந்து, ஊர்ந்து வெளியே வந்தவள். அன்று முதல் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பாள், பிறகுதான் ஆட்களைப் பார்ப்பாள்.

இந்தச் சித்திரைக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வருவதாக விமானச் சீட்டும் எடுத்திருந்தாள். தை மாதம் ஒரு நாள் அம்மா புதிதாகத் தைத்த யன்னல் சீலையைக் காட்டுகிறேன் என்று தொலைபேசியைத் திருப்ப, வதனியின் கண்ணில் சீலை படவில்லை. யன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சரிவாக ஓடுகிற விரிசல்தான் பட்டது. அது அவளுக்கென்று ஒதுக்கிய அறை. எப்போது வந்த விரிசல் என்று கேட்டாள். அம்மா உள்ளதைச் சொன்னார்: கார்த்திகை மழை விட்ட கிழமை, மத்தியானம் ‘டும்’ என்று ஒரு சத்தம் கேட்டது, யன்னல் கண்ணாடி நடுங்கியது, பின்னேரம் பார்த்தால் சுவரில் கோடு. இதற்குப் பிறகு கேட்கவும் வேண்டுமா? அடுத்த நாளே வதனி யாழ்ப்பாண நகரத்தில் ஹொட்டல் ஒன்றில் இரண்டு அறைகள் பதிவு செய்துவிட்டாள். பகலில் வீட்டுக்கு வந்து முற்றத்தில் இருப்பாளாம், படுக்க மட்டும் மாட்டாளாம்.

அம்மாவுக்கு எழுபத்தேழு வயது. அவர் அழவில்லை, ஒரு வசனம்தான் சொன்னார். “அப்ப என்ரை செத்தவீட்டுக்கும் ஹொட்டலிலை நிண்டு வரட்டும்.”

இரண்டு பேருக்கும் நடுவில் நான். வாகன விபத்துகளைப் பார்வையிட்டு மதிப்பீடு எழுதுவது என் தொழில். மட்காட் நெளிந்த கோணத்தைப் பார்த்தே யார் பிழை என்று சொல்லிவிடுவேன் என்ற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு. அதே மிதப்பில் தங்கைக்கு வாக்குக் கொடுத்தேன்: ஒரு நாள் தா, நம்முடைய நிலம் ஆடுகிற நிலமா இல்லையா என்று அறிந்து சொல்கிறேன்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை 7.10. வாடகைக்கு அமர்த்திய ஓட்டோ வாசலுக்கு வந்தது. முழு நாளுக்கு 8,500 ரூபா பேசியிருந்தேன். நெல்லியடியிலிருந்து பேருந்தில் போனால் இதில் கால்வாசியும் ஆகாது. ஆனால் நான் போக நினைத்த மூன்று இடங்களையும் பேருந்தில் ஒரே நாளில் இணைக்க முடியாது. ஓட்டியவர் தவமலர். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல், உடுப்பிட்டிப் பக்கம். ஓட்டோ ஓடுவதற்கு முன் எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவர். வல்லை வெளியைக் கடக்கும்போது அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். வெயிலில் தலைக்கவசத்தோடு முழங்காலில் இருந்து, ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் நிலம் பார்த்த நாட்களும் உண்டாம். எதற்காகப் போகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. நிலத்தைப் பற்றி விசாரித்துப் போகிற ஒருவரை இப்போதுதான் ஏற்றியிருக்கிறேன் என்றார்.

கோப்பாயில் காலைச் சாப்பாடு. இடியப்பம், சொதி, சம்பல், இரண்டு தேநீர், இரண்டு பேருக்கும் 760 ரூபா. சொதிக்கு இன்னும் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டிருக்கலாம்.

8.50க்குக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். வீட்டிலிருந்து 27 கிலோமீற்றர். அனர்த்தங்களைக் கவனிக்கிற பிரிவுக்குப் போனால், ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தார். கேள்வியைச் சொன்னதும் அலுத்துக்கொள்ளாமல் வரைபடத்தை மேசையில் விரித்தார். இதை அறிய விரும்புகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் படத்தைத்தான். பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகக் கிடக்கிறது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் விளிம்புகளில்தான் பெரும்பாலான நிலநடுக்கங்கள் வருகின்றன. இலங்கை விளிம்பில் இல்லை, தட்டின் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. வதனி இருக்கும் நாடோ விளிம்பின் மேலேயே குந்தியிருக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் பார்த்தபோது எனக்குப் பாதிப் பயணம் முடிந்த மாதிரி இருந்தது.

அப்படியானால் இங்கே வரவே வராது என்று ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

“வராது எண்டு ஆரும் எழுதித் தர ஏலாது. ஆபத்துக் குறைவு எண்டு சொல்லலாம். குறைவு எண்டா இல்லை எண்டு அர்த்தமில்லை.”

நாட்டில் சின்னச் சின்ன அதிர்வுகள் இடைக்கிடை பதிவாவது உண்டு என்றும், அவற்றைப் பதிவு செய்யும் அரசாங்க நிலையங்கள் இருக்கின்றன என்றும், சந்தேகமான நாள் ஒன்று இருந்தால் அந்த நாளின் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் விளக்கினார். அம்மா ‘டும்’ சத்தம் கேட்ட திகதியைக் கொடுத்தேன். உரிய இடத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். அன்று நம் பக்கத்தில் எதுவும் பதிவாகவில்லை. எழும்பும்போது, விரிசல் வீடு முழுக்கவா, ஓர் அறையில் மட்டுமா என்று கேட்டார். ஓர் அறையில் மட்டும் என்றேன். அப்படியானால் வீட்டுக்குக் கீழே ஒருமுறை பாருங்கள் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டிய தலைக்குள் அது இறங்கவில்லை.

அடுத்தது வட்டுக்கோட்டை, நகரத்திலிருந்து 12 கிலோமீற்றர். பழைய கல்லூரி வளவைத் தாண்டி, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு ரியூசன் மாஸ்டரின் வீடு. உயர்தரப் புவியியல் படிப்பிப்பவர், முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் அவருக்கு வகுப்பில்லை. ஆனால் இருநூறு பிள்ளைகளுக்குக் கேட்கும் குரலில்தான் எனக்கு ஒருவனுக்கும் படிப்பித்தார். தோட்டத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். குறுக்காலே பற்றைக்குள்ளால் நடக்கப் பார்த்த என்னைத் தவமலர் மறித்து, ஒற்றையடிப் பாதையாலேயே வரச் சொன்னார். பழக்கதோஷமாம்.

கட்டாத கிணறு அது. மேலே நாலடி செம்மண், அதன் கீழே வெட்டிய சுண்ணாம்புக்கல் அப்படியே தெரியும். கல்லின் படைகள் பாய் அடுக்கிய மாதிரி மட்டமாகக் கிடந்தன. மாஸ்டர் குனிந்து பார்க்கச் சொன்னார். குடாநாடு முழுக்க இந்தக் கல்லின் மேல்தான் இருக்கிறது. பயப்பட வேண்டியது கல் ஆடும் என்று இல்லை. தண்ணீர் கரைத்துக் கரைத்து உள்ளே குகையாக்கிவிடும், அந்த மாதிரி இடங்களில் நிலம் இறங்கலாம். கெருடாவில் பக்கம் போனால் குகையையே பார்க்கலாம் என்றார். வீட்டு விரிசலின் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவர் சொன்னதை எல்லாரும் மனதில் வைத்திருக்கலாம்.

“நிலநடுக்கம் உங்கடை ஒரு அறையை மட்டும் தேடி வராது ஐயா. வந்தா அயலட்டை முழுக்க வந்திருக்கும்.”

எனக்கு அந்த வசனத்தின் முதல் பாதி தேனாக இனித்தது. அதன் மற்றப் பக்கத்தை, அதாவது அப்படியானால் அந்த ஓர் அறையை என்ன தேடி வந்தது என்பதை, நான் யோசிக்கவே இல்லை. வேண்டிய பதில் கிடைத்தவுடன் கேள்வியை மூடிவிடுகிற ஆள் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

சுன்னாகத்தில் மத்தியானச் சாப்பாடு, மீன் குழம்போடு ஆளுக்கு 650. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு தனியாகக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள். அங்கிருந்து அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாறு 19 கிலோமீற்றர், 2.30க்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமையாதலால் சந்நிதி முருகன் கோயிலடியில் சனம். நீரேரி வாயருகில் ஒருவர் வலையைப் பரப்பிக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். சுனாமி வந்த அன்று காலை நிலம் ஆடியதா என்று அவரிடம் கேட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நிலம் அசையேல்லைத் தம்பி. அசைஞ்சிருந்தா ஓடியிருப்பம். ஆரின்ரையோ நாட்டிலை ஆடினது, எங்களுக்குக் கடலா வந்தது.”

அவருடைய அண்ணனின் குடும்பம் கிழக்குக் கரையில் இருந்ததாம். சொல்லிவிட்டு அடுத்த கிழிசலை எடுத்தார். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு எழும்பினேன். கரையோரத்தில் இருக்கிறவர்களுக்கு நிலநடுக்கக் கேள்வி உண்மையில் கடல் பற்றிய கேள்வி என்பதை அவரிடம்தான் அறிந்தேன். எங்கள் வீடு கடலிலிருந்து நாலு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே.

கெருடாவில் குகையை எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டோவில் இருந்தபடியே வதனிக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன்: ‘முழுதாக விசாரித்துவிட்டேன். நம்முடைய ஊர் ஆடுகிற ஊர் இல்லை. பயமில்லாமல் வந்து வீட்டில் படுக்கலாம்.’ மதிப்பீட்டு அறிக்கைக்குக் கையெழுத்து வைக்கிற அதே கையால் அனுப்பினேன். அங்கே இரவு பதினொரு மணி. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ஹொட்டலை வேண்டாம் என்று அறிவித்துவிட்டாளாம். அம்மாவுக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். கிணற்றடியில் மெத்தை உறை தோய்க்கப் போயிருப்பார்.

4.15க்கு வீடு. மீற்றரில் 78 கிலோமீற்றர். பயணக் கட்டுரை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னோம். தவமலர் கோப்பையோடு எழும்பி, அந்த விரிசலைத் தான் ஒருக்கால் பார்க்கலாமோ என்று கேட்டார். பார்த்தார். விரிசல் மேலே விரல் நுழையும் அகலம், கீழே வரவர மயிரளவு. அவர் சுவரோடு நிற்கவில்லை. வெளியே போய், அறையின் மூலைக்கு நேரே நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாசி வெயிலில் முற்றத்துப் புல்லெல்லாம் காய்ந்திருக்க, அந்த மூலையடியில் மட்டும் ஒரு பாய் விரித்த அளவுக்குப் பச்சையாக நின்றது. நடுவில் ஒரு சாண் பள்ளம். பதினைந்து வருடமாக அதன் மேல்தான் நான் மோட்டார் சைக்கிள் கழுவுகிறேன்.

“அண்ணை, இதிலை பங்கர் இருந்ததோ?”

இருந்தது. சண்டைக் காலத்தில் ஷெல்லடிக்குப் பதுங்குவதற்கு நானும் அப்பாவும் அலவாங்கு பிடித்து வெட்டிய பங்கர். ஆறடி ஆழம், மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை. எனக்குப் பதினைந்து, வதனிக்கு ஒன்பது. சமாதான காலத்தில் வதனியின் கலியாணம் வந்தது. பந்தல் போட முற்றம் மட்டமாக வேண்டும். மூடுகிற பொறுப்பு என்னுடையது. ஒழுங்காக மூடுவதென்றால் குற்றிகளைக் கிளப்பி, மண்ணைப் படை படையாகப் போட்டு இடிக்க வேண்டும். பனங்குற்றியை நான் ஒருவன் எப்படிக் கிளப்புவது? பங்கரின் வாய்க்குள்ளால் ஓலை, தேங்காய்ப் பொச்சுமட்டை, வாழைக்குற்றி, கிழிந்த சாக்கு எல்லாவற்றையும் திணித்து அடைத்தேன். மேலே இரண்டு வண்டில் மண். ஒரே பகலில் வேலை முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் முழுப் பங்கரை மண்ணில் மறைத்தவன்.

பத்து வருடத்துக்கு முன் அந்த அறையைக் கட்டியபோது, மேசன் அத்திவாரம் வெட்டுமுன் எல்லாரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்: இதில் கிணறு, மலகூடக் குழி ஏதும் மூடினீர்களா? இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. பங்கரை எவரும் குழியென்று நினைப்பதில்லை. கிணறு வளவோடு சேர்ந்தது, பங்கர் சண்டையோடு சேர்ந்தது. சண்டை முடிந்தால் அதுவும் இல்லாமல் போய்விட்டது என்றே நினைத்தோம். எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீடுகள் இப்படி நிற்கின்றன என்று எண்ண எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. கார்த்திகை மழையில் உக்கிய குற்றி முறிந்ததுதான் அம்மா கேட்ட ‘டும்’.

இதில் கேவலமான ஒரு பகுதி இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். ஹொட்டல் இல்லை என்றாகிவிட்டது. அம்மா சந்தோசமாக இருக்கிறார். விரிசலைப் பூசி நிறமடித்தால் சித்திரைக்கு ஒருவருக்கும் தெரியாது, ஆறுதலாகப் பிறகு பார்க்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஓடியதோடு நிற்காமல் வாயாலும் வந்துவிட்டது. தவமலர் கோப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“சந்தேகம் உள்ள இடத்தை நாங்கள் ஒரு நாளும் துப்பரவு எண்டு எழுதிறேல்லை அண்ணை. பிறகு அதிலை பிள்ளையள் நடக்கும்.”

பேசிய 8,500க்கு மேல் நான் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. தோண்டுவதற்கு முன் பொலிசுக்கு அறிவித்து, வெடிபொருள் ஏதும் கிடக்கிறதா என்று சோதிக்கச் செய்ய வேண்டும், அலவாங்கோடு நீங்களாக இறங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் சனிக்கிழமை காலை ஆறு மணி, அங்கே மத்தியானம் ஒன்றரை. வதனியை அழைத்தேன். ஊர் ஆடாது என்று எழுதியது உண்மை, ஆனால் வீடு அசைந்ததும் உண்மை, பங்கரை ஒழுங்காக மூடாதது நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். திரும்ப ஹொட்டல் என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“நிலத்துக்குத்தான் அண்ணை நான் பயம். உன்னிலை எனக்குக் கோவம் மட்டும்தான். கோவத்தோடை வந்து படுக்கலாம். திருத்திப்போட்டுப் படம் அனுப்பு.”

திருத்தினோம். முதலில் உரியவர்கள் வந்து கருவியால் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. பிறகு கட்டடம் தெரிந்த ஒருவரின் சொற்படி, சுவருக்கு முட்டுக் கொடுத்து, துண்டு துண்டாகத் தோண்டி, உக்கினதெல்லாவற்றையும் அள்ளி, கல்லும் கொங்கிறீற்றும் இட்டு அத்திவாரத்தைக் கீழிருந்து பிடித்தார்கள். பதினெட்டு நாள். செலவைக் கேட்காதீர்கள், என் மோட்டார் சைக்கிள் இப்போது வேறு ஒருவர் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. பங்கருக்குள்ளிருந்து ஒரு மூக்குப்பேணி, மூக்கு வைத்த பித்தளைக் குவளை, வந்தது. அதைக் காணவில்லை என்று அம்மா இருபத்துநாலு வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அதைக் கழுவி அடுப்படியில் வைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

உங்கள் ஊரைப் பற்றி அறிய விரும்புகிறவர்களுக்கு: தட்டுகளின் வரைபடத்தில் உங்கள் ஊர் விளிம்பில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது அரை மணித்தியால வேலை. கச்சேரிக்கு வார நாளில், ஒன்பது மணிக்கு முன்னரே போய்விடுங்கள். சந்தேகமான சத்தம் கேட்டால் திகதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், அது இல்லாமல் எவராலும் உதவ முடியாது. அயலில் இரண்டு கட்டாத கிணறுகளை எட்டிப் பார்த்தால் கீழே என்ன கல் என்று தெரிந்துவிடும். கடற்கரையில் இருந்தால் உயரமான இடத்துக்குப் போகும் பாதையை நடந்தே பழகுங்கள், உங்கள் காலுக்குக் கீழே ஒன்றும் அசையாத நாளிலும் அது தேவைப்படலாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று: வீட்டில் மூத்தவர்களைக் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றி நடந்து, பங்கர் எதில் இருந்தது, ஆர் மூடினது, எதைப் போட்டு மூடினது என்று கேளுங்கள். மூடியவர் நீங்களாகவே இருந்தால், உங்களையே கேளுங்கள். இரும்பு மாதிரி எதையாவது கண்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

வதனி சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். அம்மாவைக் கட்டிப்பிடித்த கையோடு நேரே அந்த அறைக்குப் போனாள். சுவரைத் தடவினாள். மூலையில் நின்று குதிக்காலால் மூன்று தரம் நிலத்தை உதைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. பெட்டியை உள்ளே இழுத்தாள்.

“உந்தப் பங்கருக்குள்ளை ஒளிச்சிருந்த காலத்திலை நான் ஒரு நாளும் கண் மூடேல்லை, தெரியுமே?” என்றாள். தெரியும். பக்கத்தில் இருந்தவன் நான்தானே.

மத்தியானம் சோறு தின்று ஒரு மணித்தியாலம் கழித்து, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். அந்த மூலையில் பாயை விரித்து, வாயைத் திறந்துகொண்டு அவள் நித்திரை. குறட்டை வேறு.